நெய்யூர் மழையும் நாயின் தோலும்

ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடிக்கிறது. அது ஓய்ந்து நாலு நாள் வெயில் காட்டுவதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் இரண்டு மழையும் நன்றாகப் பெய்கிற மாவட்டம் கன்னியாகுமரி. நெய்யூர், இரணியல், திங்கள்சந்தை பக்கத்து வீடுகளில் மதில் சுவரின் பாசி காய்ந்து கறுக்கும் முன்பே மறுபடி பச்சையாகும்; கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈர வாடை போகாது. தென்னையும் ரப்பரும் வாழையும் செழிப்பது இந்த ஈரத்தில்தான். தெள்ளும் உண்ணியும் பூஞ்சையும் செழிப்பதும் இதே ஈரத்தில்தான். அவற்றிடம் மாட்டிக்கொள்வது திண்ணையில் படுத்திருக்கும் வீட்டு நாய்.

எல்லா நாயும் சொறியும். தூங்கி எழுந்ததும் ஒரு தடவை, சாப்பிட்டு முடித்ததும் ஒரு தடவை பின்னங்காலால் காதோரம் சொறிந்துகொண்டால் கவலைப்பட எதுவுமில்லை. விளையாட்டைப் பாதியில் விட்டுச் சொறிவது, தூக்கத்திலிருந்து எழுந்து சொறிவது, பாதத்தை நெடுநேரம் நக்கிக்கொண்டே இருப்பது, முகத்தைத் தரை விரிப்பில் தேய்ப்பது ஆகியவை வேறு. வெள்ளை ரோம நாயாக இருந்தால் இன்னோர் அடையாளமும் உண்டு. அடிக்கடி நக்கிய இடத்தில் ரோமம் துரு நிறத்துக்கு மாறியிருக்கும். எச்சிலில் இருக்கும் போர்ஃபைரின் என்ற பொருளின் கறை அது. பாதத்தின் மேல்புறம் அப்படிப் பழுப்பேறிய வெள்ளை நாய், யாரும் பார்க்காத நேரத்திலும் நக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்த நிலையில் நாயைத் தூக்கிக்கொண்டு வருபவர் கால்நடை மருத்துவரிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்.

"டாக்டரே, பட்டி ராத்திரி பூரா சொறியுது. எங்களையும் ஒறங்க விடல்ல. ஒரு ஊசி போட்டு விடுங்க."

"ஊசி போட்டா இன்னைக்கு நிக்கும்ணே. ஏன் சொறியுதுன்னு பாக்காம விட்டா அடுத்த மாசமும் இங்கதான் வருவீங்க."

அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டு. அரிப்பை அது அடக்குவது உண்மை; சில நாட்களுக்குக் குறைந்த அளவில் மாத்திரையாகக் கொடுக்கும்போது நல்ல மருந்தும்கூட. வாரக்கணக்கில் உடம்பில் தங்கி வேலை செய்யும் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவதுதான் தொல்லை. நாய் தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்கும், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கும், எப்போதும் பசியென்று அலையும், மூச்சிரைக்கும். நாளடைவில் தசை கரையும், தோல் மெலியும், தொற்று எளிதாக ஏறும். அரிப்புக்குக் காரணமே தோல் தொற்றாகவோ சிற்றுண்ணியாகவோ இருந்துவிட்டால் ஸ்டீராய்டு அதை வளர்த்தும் விடும். நாயின் ஒவ்வாமைத் தோல் நோய் பற்றி உலக அளவிலான வல்லுநர் குழு 2010-இல் வெளியிட்டு 2015-இல் புதுப்பித்த வழிகாட்டுதலும், நீண்ட நாள் நிற்கும் இந்த ஊசி வேண்டாம் என்றே சொல்கிறது.

நெய்யூர் ஒரு மருத்துவமனையைச் சுற்றி வளர்ந்த ஊர். 1838-இல் லண்டன் மிஷன் மருத்துவராக டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே இங்கே வைத்தியத்தைத் தொடங்கினார். 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுக்களில் இருந்த ஹோவர்ட் சோமர்வெல், நெய்யூரில் பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்தார். நோய் என்னவென்று பார்த்த பிறகே மருந்து என்ற வழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ட ஊர் இது. நாய்க்கும் அந்த நியாயம் கிடைக்க வேண்டும். அரிப்பு என்பது காய்ச்சலைப் போல ஓர் அறிகுறி. அதன் பின்னால் ஐந்தாறு காரணங்கள் இருக்கலாம். சில நேரம் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். அவற்றை வரிசையாகத் தேடுவதற்கு ஒரு முறை உண்டு. எளிதாகக் கண்டுபிடிக்கக் கூடியதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் தெள்ளு. "எங்க நாய் மேல ஒரு தெள்ளுகூட இல்லையே" என்று சொல்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஃபேன்சி ஸ்டோரில் விற்கிற பேன் சீப்பால் வால் தொடங்கும் இடத்துக்கு மேலே முதுகை நாலைந்து தடவை அழுத்தி வார வேண்டும். சீப்பில் வந்ததை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டினால் ரோமத்தோடு மிளகுத் தூள் போலக் கறுப்புப் பொடி விழும். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், வெறும் மண்ணாக இருந்தால் கறுப்பாகவே கிடக்கும். தெள்ளின் கழிவாக இருந்தால் ஒவ்வொரு பொடியைச் சுற்றியும் செம்பழுப்பு வட்டம் கசியும். நாயின் ரத்தத்தைக் குடித்துக் கழித்தது அது. தெள்ளைக் கண்ணால் பார்க்காவிட்டாலும் அது இருந்ததற்கு இது போதுமான சாட்சி.

சில நாய்களுக்குத் தெள்ளின் எச்சிலே ஒவ்வாது. அப்படிப்பட்ட நாய்க்குப் பத்து தெள்ளு தேவையில்லை. இரண்டு மூன்று கடி போதும், வால்மூட்டிலும் பின்தொடையிலும் ரோமம் உதிரும் அளவுக்குக் கடித்துக்கொள்ளும். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டை வரை இடும். முட்டை நாயின் மேல் ஒட்டி நிற்காது, நாய் படுக்கும் இடமெல்லாம் உதிரும். ஒரு வீட்டில் இருக்கும் தெள்ளுக் கூட்டத்தில் நாயின் மேல் இருக்கும் வளர்ந்த பூச்சி ஏறத்தாழ 5 சதவீதம்தான் என்று கணக்குச் சொல்வார்கள். மிச்சமெல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகத் தரையில் கிடக்கிறது. நெய்யூர்ப் பக்கத்து வீட்டில் அதற்கு இடத்துக்கா பஞ்சம்? விறகுப்புரை, தேங்காய்த் தொண்டு குவித்த மூலை, திண்ணைக்கடியில் மணல், நாய்க்கென்று விரித்த பழைய சாக்கு. கூட்டுப்புழு மாதக்கணக்கில் அசையாமல் காத்திருந்து, ஆள் நடமாடும் அதிர்வு கேட்டதும் வெளிவரும். நாயைக் குளிப்பாட்டிவிட்டு அதே சாக்கில் படுக்க வைத்தால் குளிப்பாட்டியது வீண்.

ஆகவே சாக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, துவைத்துக் காய வைக்கக் கூடிய துணியை விரிக்க வேண்டும். வாரம் ஒருமுறை கொதிநீரில் நனைத்துத் துவைத்தால் நல்லது. படுக்கும் இடத்தைப் பெருக்கி, குப்பையை முற்றத்து மூலையில் கொட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும். தெள்ளு மருந்து வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். மூன்று மாதமாவது இடைவிடாமல் தொடர வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்குத் தடவினால் பூனை செத்துப்போகும். பூனையின் உடம்பால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது.

உண்ணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், அது அரிப்போடு நிற்பதில்லை என்பதற்காக. 1910-இல் பேட்டன் என்ற ஆய்வாளர், மெட்ராஸ் ஹண்ட் என்ற வேட்டைச் சங்கத்தின் நாய்களுடைய ரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டு உலகத்துக்குச் சொன்னார். பபீசியா கிப்சோனி என்று இன்று அழைக்கப்படும் அது உண்ணி கடித்துப் பரவுகிறது, சிவப்பணுக்களை உடைக்கிறது. நூறாண்டு கடந்தும் தமிழ்நாட்டு நாய்களை அது விடவில்லை. உண்ணி ஏறிய நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, சிறுநீர் கறுத்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். தோல் வைத்தியம் பிறகு.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள். இவற்றில் இரண்டு வகை முக்கியம். ஒன்று, தோலுக்குள் சுரங்கம் தோண்டும் சார்கோப்டிஸ். காது விளிம்பு, முழங்கை, வயிறு என்று தொடங்கும். அரிப்பு வெறி பிடித்ததுபோல் இருக்கும். நாயின் காது மடலின் ஓரத்தை விரல்களுக்கு நடுவில் வைத்து லேசாகத் தேய்த்துப் பார்த்தால், இந்த நோய் உள்ள நாய்களில் பெரும்பாலானவை அந்தப் பக்கத்துப் பின்னங்காலைக் காற்றில் அடிக்கத் தொடங்கும். நாயோடு படுக்கும் பிள்ளைகளுக்குக் கையிலும் வயிற்றிலும் சிவப்புத் தடிப்பு வந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். நாயின் சிற்றுண்ணி மனிதத் தோலில் நெடுநாள் வாழாது. நாய்க்கு வைத்தியம் பார்த்தால் வீட்டாருக்கும் அடங்கும். மற்றொன்று டெமோடெக்ஸ். ரோமக்காலுக்குள் வாழ்வது, பிறந்த முதல் சில நாட்களில் தாயிடமிருந்து குட்டிக்கு வருவது, மற்ற நாய்க்குத் தொற்றாதது. எதிர்ப்புச் சக்தி குறைந்தால்தான் இது பெருகி வட்ட வட்டமாக ரோமத்தைக் கொட்டவைக்கும். பிளேடால் தோலைச் சுரண்டி, எண்ணெய்ச் சொட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும். சில நிமிட வேலை. இதைச் செய்யச் சொல்லிக் கேட்பது நாய் வளர்ப்பவரின் உரிமை.

இந்த இடத்தில்தான் ஊர் வைத்தியம் கொடுமையாகிறது. மண்ணெண்ணெய் தடவுவது, ஒர்க்‌ஷாப்பிலிருந்து கரி ஆயில் வாங்கிவந்து உடம்பெல்லாம் பூசுவது இன்றும் நடக்கிறது. இரண்டும் தோலைப் பொசுக்கும். நாய் நக்கி விழுங்கும். ஈரலும் சிறுநீரகமும் கெடும். மண்ணெண்ணெய் நுரையீரலில் போனால் உயிருக்கே ஆபத்து. நல்ல எண்ணத்தோடு செய்பவர்கள்தான் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள் என்பதால் வருத்தம் இன்னும் கூடுகிறது. மருந்துக்கடையில் ஐவர்மெக்டின் வாங்கி, மாட்டுக்குப் போடுகிற கணக்கில் நாய்க்குப் போடுவதும் அப்படித்தான். அது மகத்தான மருந்து. அதைக் கண்டுபிடித்த சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பெலுக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கோலி போன்ற சில இன நாய்களில் எம்டிஆர்1 என்ற மரபணு பழுதுபட்டிருப்பதை 2001-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார்கள். அந்த நாய்களின் மூளைக்குள் மருந்து ஏறி, தள்ளாட்டம், மயக்கம், சாவு வரை போகும். இன்று அஃபோக்ஸோலனர், ஃப்ளூரலனர் என்ற மெல்லும் மாத்திரைகள் உள்ளன. தெள்ளு, உண்ணி, சிற்றுண்ணி மூன்றையும் ஒன்றாகவே கொல்கின்றன. வலிப்பு நோய் உள்ள நாய்க்கு மட்டும் இவற்றை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். 2018-இல் அமெரிக்க மருந்துத் துறை அதைப் பற்றி எச்சரித்தது.

ஒட்டுண்ணி போன பிறகும் சொறிகிறதா? நாயின் அக்குளை, விரலிடுக்கை, காதை முகர்ந்து பார்க்கலாம். காறிப்போன தேங்காயெண்ணெய் வாடை அடித்தால், தோல் தொட்டால் பிசுபிசுத்தால், அக்குள் தோல் கறுத்துத் தடித்திருந்தால் மலசீசியா என்ற பூஞ்சை பெருகியிருக்கிறது. எல்லா நாயின் தோலிலும் கொஞ்சமாக வாழ்கிற பூஞ்சைதான். ஈரமும் கொழுப்பும் கிடைத்தால் கட்டவிழ்ந்துவிடும். ஆனி, ஆடி மழையில் இந்தப் பக்கத்து லேப்ரடார்களின் தொங்கும் காதுக்குள் இது குடியேறுவதில் வியப்பில்லை. சிவப்புப் பருவும், செதில் வளையமும், சீழும் தெரிந்தால் பாக்டீரியாவும் சேர்ந்துகொண்டது. ஒட்டும் டேப்பைத் தோலில் அழுத்தி எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தால் இரண்டும் தெரியும்.

இதற்குக் குளியல்தான் முதல் மருந்து. அதை எப்படிச் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மனிதத் தோல் அமிலத்தன்மை கொண்டது, அதன் பிஎச் அளவு 5.5-ஐ ஒட்டி இருக்கும். நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது, மேல்தோலும் மெல்லியது. ஆகவே வீட்டார் தேய்க்கும் சோப்பும் ஷாம்பூவும் நாய்க்கு ஒத்துவராது. துணி சோப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குளோர்ஹெக்ஸிடின் கலந்த நாய் ஷாம்பூ, பூஞ்சையும் இருந்தால் மைக்கோனசோலோ கீட்டோகோனசோலோ சேர்ந்தது, மருத்துவர் சொன்னபடி வாரத்துக்கு இரண்டு முறை. கிணற்றுத் தண்ணீரே போதும், வெந்நீர் அரிப்பைக் கூட்டும். ஷாம்பூவைத் தோல்வரை தேய்த்துவிட்டு 10 நிமிடம் விட வேண்டும். தேய்த்ததும் ஊற்றிக் கழுவினால் மருந்து வேலை செய்ய நேரமே கிடைக்காது. அந்தப் பத்து நிமிடமும் நாயோடு பேசிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். விட்டால் நக்கும், உதறும், மண்ணில் புரளும். பிறகு நன்றாகக் கழுவி, துவர்த்தால் ஒற்றி ஒற்றி, விரலிடுக்கும் அக்குளும் தொடையிடுக்கும் காதின் உள்மடலும் காயும்வரை துடைக்க வேண்டும். மழை நாளில் மின்விசிறிக்குக் கீழே கட்டிப்போடலாம். பாதி ஈரத்தோடு விட்ட குளியலால் பூஞ்சைக்குத்தான் லாபம்.

வேப்பிலை, மஞ்சள், தேங்காயெண்ணெய் பற்றிக் கேட்காத ஆள் கிடையாது. வேப்பிலை கொதித்து ஆறிய தண்ணீரைக் கடைசியாக ஊற்றுவதால் கெடுதல் இல்லை. அதுவே சிகிச்சை என்று நம்பி ஒரு மாதத்தைக் கடத்துவதுதான் கெடுதல். வறண்டு செதில் உதிரும் தோலில் தேங்காயெண்ணெய் துளி தடவலாம். பிசுபிசுத்து நாறும் தோலில் வேண்டாம். மலசீசியா கொழுப்பை விரும்பும் பூஞ்சை. மனிதர்களின் படைக்கு விற்கும், ஸ்டீராய்டு கலந்த கூட்டு மருந்துக் களிம்பை ஒருபோதும் தடவக் கூடாது. நாய் அதை நக்கியே தீர்த்துவிடும். அரிப்பு மாத்திரை என்று மனிதர்கள் போடும் சிட்ரிசின் நாய்களுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. தரை துடைக்கும் ஃபினாயிலையும் கவனிக்க வேண்டும்: அதிகம் ஊற்றித் துடைத்த தரையில் நாய் நடந்து, படுத்து, பாதமும் வயிறும் சிவந்து வருவது உண்டு.

பூச்சியும் தொற்றும் அடங்கி, ஆண்டு முழுக்க அரிப்பு நீடித்தால் தட்டைப் பார்க்க வேண்டும். உணவு ஒவ்வாமையை உறுதிசெய்ய நம்பத்தக்க ரத்தப் பரிசோதனை கிடையாது. பணம் கேட்டு யாராவது செய்து தருவதாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம். 297 நாய்களின் விவரங்களைத் தொகுத்து 2016-இல் வெளிவந்த ஆய்வில் மாட்டிறைச்சி 34 சதவீத நாய்களுக்கும், பால் பொருட்கள் 17 சதவீதத்துக்கும், கோழி 15 சதவீதத்துக்கும், கோதுமை 13 சதவீதத்துக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. நாய் காலமெல்லாம் தின்றுவந்த புரதத்துக்குத்தான் பெரும்பாலும் ஒவ்வாமை வரும். நெய்யூர் நாய் தின்பது என்ன? கோழிக்கடைக் கழிவு, குளச்சல் சாளை மீனின் தலையும் முள்ளும், சோறு, பால், பிள்ளைகள் நீட்டும் பிஸ்கட்.

அப்படியானால் சோதனை உணவு இதுவரை அது ருசி பாராததாக இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் அதற்கு வழி உண்டு. மரச்சீனிக் கிழங்கைத் தோல் சீவி, நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு எடுத்தால் மாவுச்சத்துக்கு ஆச்சு. அதுவும் ஏற்கெனவே தின்ற நாயானால் வேறு கிழங்கு பார்க்க வேண்டும். புரதத்துக்கு, அதுவரை கொடுத்திருக்காவிட்டால், உப்பும் மசாலாவும் இல்லாமல் நன்றாக வேகவைத்த பன்றி இறைச்சி. அளவை மருத்துவர் குறித்துக் கொடுக்க வேண்டும். வளரும் குட்டிக்கு இந்த உணவு போதாது. ஐந்து வாரத்தில் பெரும்பாலான நாய்களிடம் மாற்றம் தெரியும், எட்டு வாரத்தில் பத்துக்கு ஒன்பதில் தெரிந்துவிடும். அந்த எட்டு வாரமும் வேறெதுவும் வாயில் போகக் கூடாது. "பாவம், ஒரு துண்டு கொடுத்தா என்ன" என்று பாட்டி நீட்டுகிற பிஸ்கட்டும், பக்கத்து வீட்டு மீன் தலையும் மொத்தத்தையும் கெடுத்துவிடும். வீட்டிலுள்ள எல்லோரையும் உட்கார வைத்துப் பேசிவிட்டுத் தொடங்குவது நல்லது. குணமான நாய்க்குப் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து அரிப்பு மீண்டும் வந்தால்தான் காரணம் உறுதி.

உணவும் இல்லையென்றால் மிஞ்சுவது காற்றிலும் தூசியிலும் உள்ளவற்றுக்கான ஒவ்வாமை, அட்டோபி. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தொடங்கும். பாதம், முகம், காது, அக்குள், தொடையிடுக்கு என்று பிடித்துக்கொள்ளும். லேப்ரடார், பக், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களில் அதிகம். இதில் பெரிய குற்றவாளி வீட்டுத் தூசிச் சிற்றுண்ணி. ஈரமான வீட்டில், பஞ்சு மெத்தையில் அது கொழிக்கும். நாயைப் பழைய மெத்தையிலிருந்து கீழே இறக்கி, வாராவாரம் துவைக்கிற துணிக்கு மாற்றினாலே சிலவற்றுக்குக் குறையும். பிரித்த நாய் உணவுப் பையை மழைக்காலத்தில் திறந்து வைத்தாலும் ஒருவகைச் சிற்றுண்ணி ஏறும். மூடி இறுகிய டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். நடந்துவிட்டு வந்ததும் பாதத்தை வெறும் தண்ணீரில் கழுவித் துடைப்பது இரண்டு நிமிட வேலைதான், ஆனால் தினமும் செய்ய வேண்டும். அட்டோபி முற்றிலும் குணமாவதில்லை, கட்டுக்குள் வைக்கலாம். 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓக்லசிட்டினிப் மாத்திரை அரிப்பின் சமிக்ஞையை நிறுத்துகிறது. ஒரு வயதுக்குட்பட்ட நாய்க்கு அது கூடாது. லோகிவெட்மாப் என்ற ஊசி, அரிப்பைத் தூண்டும் இண்டர்லூக்கின்-31 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் விலை கூடுதல். தெள்ளும் பூஞ்சையும் இல்லையென்று தெரிந்த பிறகு இவற்றுக்குச் செலவு செய்வதில்தான் அர்த்தம் இருக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது ஒரு காலண்டரைக் கொண்டுபோகலாம். அரிப்பே இல்லையென்றால் 0, சொறிவதை நிறுத்தவே இல்லையென்றால் 10 என்று தினமும் ஓர் எண்ணை அந்தந்தத் தேதியில் எழுதி வைத்தால், எந்த மருந்து கேட்டது, எந்த மழையில் கூடியது என்று மருத்துவருக்கு ஒரு பார்வையில் விளங்கும். உள்ளூரில் பிடிபடாத நோய்க்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாகர்கோவில் தாண்டி, ஆரல்வாய்மொழிக் கணவாய் கடந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். மாதாமாதம் ஊசிக்குச் செலவிடும் பணத்தில் அங்கே ஒருமுறை முழுப் பரிசோதனையே செய்துவிடலாம்.

வீட்டு நாய் இவ்வளவு கவனிப்புக்குப் பிறகும் மறுபடி சொறியத் தொடங்கினால் வாசலுக்கு வெளியேயும் பார்க்க வேண்டியிருக்கும். திங்கள்சந்தைக் கடைத்தெருவிலோ தெருமுனையிலோ ரோமம் கொட்டி, தோல் யானைத்தோலாகத் தடித்துத் திரியும் நாய்களை மக்கள் கல்லால் விரட்டுகிறார்கள். அவற்றுக்கு இருப்பது பெரும்பாலும் சிற்றுண்ணி, அதுவும் குணப்படுத்தக் கூடியது. முன்பெல்லாம் பிடித்துக் கட்டி வாரவாரம் ஊசி போட வேண்டியிருந்தது; பிடிக்க விடாத நாய்க்கு வைத்தியமே இல்லை. இப்போது எடைக்கேற்ற மெல்லும் மாத்திரையை இறைச்சித் துண்டில் மறைத்துப் போட்டால் போதும். நாலு நாய்கள் சேர்ந்து படுக்கும் இடமானால் நாலுக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குத் திரும்ப ஏறிவிடும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்குக் கூடாது. எடையைக் கண்ணால் மதிப்பிட்டு மருத்துவரிடம் சொன்னால் அளவை அவரே சொல்வார். தெருவிலுள்ள இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் பணம் சேர்த்தால் ஒரு கூட்டத்துக்கே வாங்கிவிடலாம்.